கரண்டிக்கு யார் அனுமதி தருவது? கெர்னலில் கட்டாய அணுகல் கட்டுப்பாடு இயங்கும் விதம்

தாபோடி ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு தமிழர் மெஸ் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். புணே–லோணாவளா லோக்கலில் காட்கிக்கு அடுத்த நிலையம் இது. ராணுவப் பொறியியல் கல்லூரி இருக்கும் ஊர். மகாராஷ்டிர அரசுப் பேருந்துகளின் பெரிய பணிமனையும் இங்கேதான். மெஸ்ஸில் காலையில் இட்லி சாம்பார், மதியம் சாப்பாடு, சிக்கன் குழம்பு. ஏகாதசி வந்தால் மட்டும் தனியாக ஓர் அடுப்பு எரியும், ஜவ்வரிசியில் செய்யும் சாபுதானா கிச்சடிக்காக. ஆஷாடி ஏகாதசிக்காகப் பண்டரிபுரம் போகும் துக்காராம் பல்லக்கு, தேஹூவிலிருந்து கிளம்பிப் பழைய மும்பைச் சாலையில் இந்த வழியாகத்தான் புணேக்குள் வருகிறது. விரதச் சாப்பாட்டின் அருமை தெரிந்த ஊர் இது.

அந்தக் கிச்சடியில் வெங்காயம், பூண்டு கிடையாது. சிக்கன் குழம்பில் கிடந்த கரண்டி ஒரு தடவை அதில் விழுந்தால் அண்டா முழுவதும் வீண். சாப்பிடுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அவர் நம்பித்தான் சாப்பிடுகிறார். அந்த நம்பிக்கைக்கு எது பொறுப்பு? சமையல்காரரின் நல்ல மனதா, சமையலறையின் அமைப்பா?

கணினியிலும் இதே கேள்வி உண்டு. கெர்னல் என்பது இயக்க முறைமையின் மையம். எந்த நிரலும் ஒரு கோப்பைத் திறக்கவோ, வலையில் பேசவோ, இன்னொரு நிரலைத் தொடவோ கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். அங்கே யார் சொல் கடைசிச் சொல் என்பதை முடிவுசெய்வதுதான் கட்டாய அணுகல் கட்டுப்பாடு. அதை இந்த மெஸ்ஸின் சமையலறைக்குள் நின்றபடியே படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

1. பாத்திரக்காரர் வைத்ததே சட்டம்

பெரும்பாலான சமையலறைகள் நடக்கும் முறை இது. சாம்பார் அண்டா சரக்கு மாஸ்டருடையது. யார் அதில் கை வைக்கலாம் என்று அவரே சொல்வார். “தம்பி, நீ எடுத்துக்கோ” என்றால் எடுக்கலாம். முதலாளியிடம் எல்லா அறைகளின் சாவியும் இருக்கும். அவரை யாரும் கேட்பதில்லை.

லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் கோப்பின் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று பிரிவுக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அனுமதிகள் இருக்கின்றனவே, அது இதே முறை. விருப்ப அணுகல் கட்டுப்பாடு என்பார்கள். உரிமையாளரின் விருப்பம்தான் அங்கே விதி. முதலாளியின் இடத்தில் இருப்பது ரூட் பயனர்.

இதன் பலவீனம் ஆட்களின் நேர்மையில் இல்லை. நீங்கள் இயக்கும் ஒவ்வொரு நிரலும் உங்கள் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. படம் பார்க்கும் நிரலுக்கு உங்கள் வங்கி அறிக்கையைப் படிக்க ஒரு காரணமும் இல்லை; ஆனாலும் படிக்க முடியும், ஏனென்றால் உங்களால் முடியும். அந்த நிரலில் ஓர் ஓட்டை இருந்து, வெளியாள் ஒருவர் அதன் வழியாக நுழைந்துவிட்டால் அவருக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும். மாஸ்டர் நல்லவர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய கையை அசைப்பது வேறொருவர்.

புணே இதை நேரில் பார்த்திருக்கிறது. 2018 ஆகஸ்ட் 11 அன்று, இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காஸ்மாஸ் வங்கியின் ஏடிஎம் கட்டமைப்பைத் தீநிரல் தாக்கியது. 28 நாடுகளில் போலி அட்டைகள் மூலம் பணம் எடுக்கப்பட்டது. 13ஆம் தேதி, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றச் செய்திகளைக் கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் வழியாகவும் பணம் வெளியேறியது. மொத்தம் சுமார் 94 கோடி ரூபாய். ஒரே ஓட்டையை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் காலம் போய்விட்டது. யாரோ ஒருவர் உள்ளே வந்துவிடுவார் என்று வைத்துக்கொண்டு, வந்தவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்க வேண்டிய காலம் இது.

2. உக்கிராணக்காரரை நிறுத்துதல்

இப்போது மெஸ்ஸில் ஓர் உக்கிராணக்காரரை நியமிக்கிறோம். சமையலறைக்கான விதிகள் ஒரு பலகையில் எழுதியிருக்கும். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு நாடா, ஒவ்வொரு ஆளின் ஏப்ரனிலும் ஒரு நாடா. எந்த மூடியைத் திறப்பதானாலும் உக்கிராணக்காரர் இரண்டு நாடாவையும் பார்ப்பார், பலகையைப் பார்ப்பார், பிறகு சரி என்பார் அல்லது கூடாது என்பார். சரக்கு மாஸ்டர் தம் அண்டாவை யாருக்கு வேண்டுமானாலும் திறந்துவிடலாம் என்ற உரிமை இனி இல்லை. முதலாளியே குழம்பு அடுப்பின் நாடா கட்டிய ஏப்ரனோடு வந்தாலும் விரத அடுப்புப் பக்கம் போக முடியாது. பலகையை மாற்ற வேண்டுமானால் அதற்கென்று தனி வழி இருக்கிறது. அடுப்படியில் நின்றுகொண்டு மாற்ற முடியாது.

லினக்ஸில் இந்த நாடாவுக்கு லேபிள் என்று பெயர். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ, லேபிளைப் பார்த்து முடிவுசெய்யும் இப்படிப்பட்ட ஓர் உக்கிராணக்காரரை, எஸ்இலினக்ஸ் என்ற பெயரில் 2000 டிசம்பரில் வெளியிட்டது. 2001இல் அதைக் கெர்னல் உருவாக்குநர்களிடம் காட்டியபோது, ஒரே முறையைக் கெர்னலுக்குள் வைக்காமல் எந்த முறையும் வந்து பொருந்தும்படி பொதுவான ஏற்பாடு வேண்டும் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் எல்எஸ்எம் என்ற சட்டகம். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அதுவும் இருந்தது, எஸ்இலினக்ஸும் இருந்தது.

எல்எஸ்எம் செய்யும் வேலை எளிது. கெர்னலில் முக்கியமான செயல் நடக்கும் இடங்களில் எல்லாம் ஒரு கொக்கி போட்டுவைக்கிறது. ஒரு கோப்பு திறக்கப்படும்போது நடப்பது இதுதான்:

முதலில் நிரல் கெர்னலிடம் கோப்பைக் கேட்கிறது. கெர்னல் பழைய முறைப்படி உரிமையாளர் அனுமதியைப் பார்க்கிறது. அங்கேயே மறுத்துவிட்டால் கதை முடிந்தது. அங்கே சரி என்றால் கொக்கி வழியாக உக்கிராணக்காரரிடம் கேள்வி போகிறது. அவர் நிரலின் லேபிளையும் கோப்பின் லேபிளையும் விதியோடு ஒப்பிடுகிறார். முன்பே கேட்ட கேள்வி என்றால் விடை நினைவில் இருக்கும். எஸ்இலினக்ஸில் அந்த நினைவகத்தை ஏவிசி என்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் சோதித்தும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உக்கிராணக்காரரால் கூடுதலாக மறுக்க மட்டுமே முடியும். மாஸ்டர் மறுத்ததை அவர் அனுமதிக்க முடியாது. இரண்டு பூட்டும் திறந்தால்தான் மூடி திறக்கும்.

3. நாடா பாத்திரத்திலா, அலமாரியிலா?

உக்கிராணக்காரர்களில் இரண்டு வகை உண்டு. எஸ்இலினக்ஸும், 2008இல் 2.6.25 கெர்னலில் சேர்ந்த ஸ்மாக்கும் பாத்திரத்திலேயே நாடா கட்டுபவை. 2010இல் 2.6.36இல் சேர்ந்த ஆப்ஆர்மர், அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைப் பார்ப்பது. அதாவது கோப்பின் பாதையை வைத்து விதி எழுதுவது. இதைப் படிப்பதும் எழுதுவதும் சுலபம். ஆப்ஆர்மரை 2005இல் நோவெல் நிறுவனம் வாங்கி, சூசே லினக்ஸோடு கொடுத்தது. அதே பத்தாண்டின் பிற்பாதியில் தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனம் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சூசே லினக்ஸைக் கொண்டுபோனது நினைவிருக்கலாம். 2019 ஜூலையில் வந்த டெபியன் 10 ஆப்ஆர்மரை இயல்பாகவே இயக்கத் தொடங்கியது. இந்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கும் பாஸ் லினக்ஸும் இந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான்.

நாடாவைப் பாத்திரத்தில் கட்டினால் ஒரு விளைவு உண்டு. புதிதாக எஸ்இலினக்ஸ் பழகுகிற எல்லோரும் இங்கே ஒருமுறை தடுக்கி விழுவார்கள். ஒருவர் வீட்டு அடைவில் ஓர் இணையப் பக்கம் எழுதுகிறார். அதை ‘எம்வி’ கட்டளையால் வெப் சர்வரின் அடைவுக்கு நகர்த்துகிறார். உலாவியில் திறந்தால் அனுமதி இல்லை என்று வருகிறது. படிக்கும் அனுமதி எல்லோருக்கும் இருக்கிறது. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டுப் பார்த்தாலும் அதே பதில்.

காரணம், நகர்த்தியது அதே பாத்திரம். வீட்டில் கட்டிய நாடா அப்படியே இருக்கிறது. ‘சிபி’ கட்டளையால் நகல் எடுத்திருந்தால் அந்த அடைவின் பாத்திரத்தில் புதிதாக ஊற்றியதாக ஆகும். அந்த இடத்துக்குரிய நாடா தானாக வந்திருக்கும். ‘எல்எஸ்’ கட்டளையோடு பெரிய இஸட் சேர்த்துப் பார்த்தால் லேபிள் கண்ணெதிரே தெரியும்.

ஆடிட் பதிவேட்டில் விழுந்திருக்கும் வரி இதையே சொல்கிறது. ‘டினைட்’ என்ற சொல்லை அடுத்து அடைப்புக்குள் ‘ரீட்’: படிக்கக் கேட்டு மறுக்கப்பட்டது. ‘காம்’ என்ற இடத்தில் எச்டிடிபிடி: கேட்ட நிரல், அதாவது வெப் சர்வர். ‘எஸ்கான்டெக்ஸ்ட்’ என்ற இடத்தில் எச்டிடிபிடி_டி: கேட்டவரின் ஏப்ரன் நாடா. ‘டிகான்டெக்ஸ்ட்’ என்ற இடத்தில் யூசர்_ஹோம்_டி: பாத்திரத்தின் நாடா. கடைசியில் ‘பர்மிசிவ்’ பூச்சியம்: எழுதிவைத்ததோடு விடவில்லை, நிஜமாகவே தடுத்தாயிற்று. யார், எதை, எதற்காகக் கேட்டார், ஏன் மறுக்கப்பட்டது என்ற நான்கும் ஒரே வரியில். ‘ரெஸ்டோர்கான்’ கட்டளை கொடுத்தால் அந்த இடத்துக்குரிய நாடா மாட்டப்படும், பக்கம் திறக்கும். விதியைத் தளர்த்தவே தேவையில்லை.

4. கட்டடம் எழும்பும்போதே வைக்க வேண்டிய கதவுகள்

உக்கிராணக்காரரைப் பிறகு வேலைக்கு எடுக்கலாம். ஆனால் அவர் நிற்க வேண்டிய கதவுகளைச் சமையலறை கட்டும்போதே வைத்தாக வேண்டும். கெர்னலைத் தொகுக்கும் நேரத்து விருப்பங்கள் அந்தக் கதவுகள். 2008இல் வந்த 2.6.24 முதல் எல்எஸ்எம் நிலையான அமைப்பாகிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் பிறகு ஏற்றும் துண்டாகப் பாதுகாப்புத் தொகுதி எதையும் சேர்க்க முடியாது.

கெர்னல் விருப்பங்களின் மெனுவைத் திறக்கும் ‘மேக் மெனுகான்ஃபிக்’ கட்டளையைக் கொடுத்து ‘செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போனால் வேலை தொடங்குகிறது. வரிசை முக்கியம்.

முதலில், வெவ்வேறு பாதுகாப்பு மாதிரிகளை இயக்கும் அடிப்படை விருப்பம். இது இல்லாமல் மற்றவை தலைகாட்டாது. அடுத்து வலைச் சாக்கெட்டுகளுக்கான கொக்கிகள். எஸ்இலினக்ஸ் இதைக் கேட்கும். பொது அமைப்புப் பகுதியில் ஆடிட் ஆதரவு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மறுப்பை எழுத நோட்டுப் புத்தகமே இருக்காது.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று கோப்பு முறைமைப் பகுதியில் இருக்கிறது. எக்ஸ்ட்4க்கு ‘செக்யூரிட்டி லேபிள்ஸ்’ என்று தனி விருப்பம் உண்டு. லேபிள் கோப்போடு சேர்த்துக் கூடுதல் பண்பாகச் சேமிக்கப்படுகிறது. இந்த விருப்பத்தை விட்டுவிட்டால் நாடா கட்டப் பாத்திரத்தில் காதே இல்லை என்று பொருள்.

பிறகு எஸ்இலினக்ஸ் வேண்டுமா, ஆப்ஆர்மர் வேண்டுமா, ஸ்மாக் வேண்டுமா என்ற தேர்வு. மூன்றையும் தொகுத்து வைக்கலாம், மூன்றையும் ஒரே நேரத்தில் இயக்க முடியாது. ஒரு கெர்னலில் இவற்றில் ஒன்றுதான் ஆட்சி செய்யும். சிறிய உதவியாளர்கள் கூடவே இருக்கலாம்: ஒரு நிரல் இன்னொன்றை உளவு பார்ப்பதைக் கட்டுப்படுத்தும் யாமா, ரூட்டே கெர்னலை மாற்ற முடியாதபடி செய்யும் லாக்டவுன், சாதாரண நிரல் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் லேண்ட்லாக். லாக்டவுன் 2019இல் 5.4 கெர்னலிலும், லேண்ட்லாக் 2021இல் 5.13இலும் சேர்ந்தன. பல உக்கிராணக்காரர்கள் இருந்தால் ஒருவர் கூடாது என்றாலும் கூடாதுதான்.

கடைசியாக, இயங்க வேண்டிய தொகுதிகளின் பெயர்களை வரிசையாக எழுதும் இடம். 5.1 கெர்னல் முதல் இது வந்தது. ஆப்ஆர்மரைத் தொகுத்துவிட்டு இந்தப் பட்டியலில் பெயர் எழுத மறந்தால் அது வேலைக்கு வராது. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஆள் மாதிரி, கட்டடத்துக்குள் இருப்பார், ஒன்றும் செய்ய மாட்டார். துவக்க வரியில் ‘எல்எஸ்எம்’ என்ற அளவுருவைக் கொடுத்து இந்தப் பட்டியலை மாற்றலாம். கணினி எழுந்தபின், செக்யூரிட்டிஎஃப்எஸ் என்ற சிறப்புக் கோப்பு முறைமைக்குள் ‘எல்எஸ்எம்’ என்ற பெயரில் இருக்கும் கோப்பைப் படித்தால் உண்மையில் யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு கோப்பைப் படிக்காமல் பாதுகாப்பு இயங்குகிறது என்று யாரும் சொல்லக் கூடாது.

எஸ்இலினக்ஸுக்குள் இன்னும் இரண்டு விருப்பங்களை நின்று யோசிக்க வேண்டும். ஒன்று, துவக்க வரியிலேயே எஸ்இலினக்ஸை முழுக்க அணைக்க இடம் தருவது. இன்னொன்று, உருவாக்க ஆதரவு என்ற பெயரில், தடுக்காமல் எழுதிமட்டும் வைக்கும் பர்மிசிவ் நிலைக்குப் போக இடம் தருவது. இரண்டாவதை எடுத்துவிட்டால் கெர்னல் எப்போதும் தடுக்கும் நிலையிலேயே ஓடும். பழகும் கணினியில் இரண்டும் இருக்கட்டும். பணம் எண்ணும் கணினியில், ஆலையை ஓட்டும் கணினியில், இவற்றை வைத்திருக்க என்ன காரணம் என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஓடும்போதே எஸ்இலினக்ஸை முழுதாக அணைக்கும் பழைய வழி 2023இல் 6.4 கெர்னலில் நீக்கப்பட்டுவிட்டது. உருவாக்குநர்களே அந்தக் கதவு வேண்டாம் என்று முடிவுசெய்தார்கள்.

5. முதலில் நோட்டு, பிறகு தடுப்பு

புது உக்கிராணக்காரர் வந்த முதல் நாளே எல்லாரையும் தடுத்தால் மதியச் சாப்பாடு வெளியே வராது. அதனால் முதலில் பர்மிசிவ் நிலை. அவர் யாரையும் தடுக்க மாட்டார். எதைத் தடுத்திருப்பார் என்று மட்டும் எழுதுவார். அந்த நோட்டைப் படித்தால்தான் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று தெரியும். தோசை மாஸ்டர் தினமும் ஒருமுறை குழம்பு அடுப்புக்குப் போகிறார் என்றால், அது தேவையா, பழக்கமா? தேவை என்றால் பலகையில் எழுதலாம். பழக்கம் என்றால் மாற்றலாம்.

‘ஆடிட்2அலவ்’ என்ற கருவி மறுப்பு வரிகளை அப்படியே அனுமதி விதிகளாக மாற்றிக் கொடுக்கும். வசதியானது; ஆபத்தும் அதில்தான். நோட்டில் இருக்கும் எல்லா வரியையும் அனுமதித்துவிட்டால் உக்கிராணக்காரர் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு வரியையும் படித்து, இந்த நிரலுக்கு இது எதற்கு என்று கேட்டபின்புதான் விதி எழுத வேண்டும். நோட்டு அடங்கியதும் என்ஃபோர்சிங், அதாவது நிஜமாகவே தடுக்கும் நிலைக்கு மாறலாம்.

6. விரத அண்டாவின் கணக்கு

லினக்ஸுக்கு வெளியேயும் இதே ஏற்பாடு உண்டு. ஃப்ரீபிஎஸ்டி இயக்க முறைமையில், 2003 ஜனவரியில் வந்த 5.0 பதிப்பிலேயே, கட்டாய அணுகல் கட்டுப்பாட்டுக்கு (ஆங்கிலச் சுருக்கம் ‘மேக்’) தனிச் சட்டகம் உண்டு. ராபர்ட் வாட்சன் தொடங்கிய டிரஸ்டட்பிஎஸ்டி திட்டத்தின் வேலை அது. அங்கே சட்டகத்துக்கான ‘மேக்’ விருப்பம் கெர்னலில் இருந்தால் போதும். கொள்கைத் தொகுதிகளைத் துவக்கத்தின்போது ஏற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு கோப்புக்கும் தனி லேபிள் வேண்டுமானால் ‘ட்யூன்எஃப்எஸ்’ கருவியால் அந்தக் கோப்பு முறைமையில் மல்டிலேபிள் வசதியையும் இயக்க வேண்டும். இந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்ட ஆப்பிள், 2007இல் தன் கணினிகளில் நிரல்களை வேலியிட்டு ஓட்டும் சாண்ட்பாக்ஸை அதன்மேல் அமைத்தது.

அதில் உள்ள தொகுதிகளில் ஒன்று பீபா. 1970களில் கென்னத் பீபா வகுத்த மாதிரி அது. அதன் விதி நம் கிச்சடி அண்டாவின் விதியேதான். தூய்மை கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு எடுக்கலாம், எதிர்த்திசையில் கூடாது. மீந்த கிச்சடியைச் சாதாரணப் பந்தியில் பரிமாறலாம். சாதாரண அடுப்பின் கரண்டியும் எண்ணெயும் விரத அடுப்புக்கு வரக் கூடாது. விரத அடுப்பில் நிற்பவர் குழம்பு அண்டாவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கணினியில் இதற்குப் பொருள்: வலையிலிருந்து இறங்கிய கோப்பைத் தொடும் நிரல், கணினியின் அடிப்படைக் கோப்புகளில் எழுத முடியாது, அடிப்படை வேலை செய்யும் நிரல், வலையிலிருந்து வந்ததைப் படிக்கவே முடியாது.

ராணுவத்துக்கு வேண்டியது இதற்கு நேரெதிர். பெல்–லபடுலா மாதிரியில் ரகசியம் கீழே வழியக் கூடாது. மேல்நிலை ஆவணத்தைப் படிப்பவர் கீழ்நிலைக் கோப்பில் எழுத முடியாது. ஒன்று கலப்படத்தைத் தடுக்கிறது, இன்னொன்று கசிவைத் தடுக்கிறது. கெர்னல் விருப்பங்களைத் தொடும் முன்பே, எந்தப் பயம் உங்களுடையது என்று தெளிவாக வேண்டும்.

7. பையில் இருக்கும் உக்கிராணக்காரர்

இதெல்லாம் சர்வர் அறைக்கான விஷயம் என்று நினைக்க வேண்டாம். தாபோடி நடைமேடையில் லோக்கலுக்காக நிற்பவர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் எஸ்இலினக்ஸ் ஓடுகிறது. 2013இல் ஆண்ட்ராய்டு 4.3இல் பர்மிசிவ் நிலையில் வந்தது. 2014இல் 5.0 வந்தபோது முழுத் தடுப்பு நிலைக்குப் போனது. கடையிலிருந்து இறக்கும் செயலிகள் ‘நம்பப்படாத செயலி’ என்ற நாடாவோடு ஓடுகின்றன. கோடிக்கணக்கானோர் தெரியாமலேயே நோட்டிலிருந்து தடுப்புக்கு நகர்ந்த அனுபவம் இது.

தடுப்பு பலன் தந்த நிகழ்வும் உண்டு. நிரல்களைத் தனித்தனி அறைகளில் அடைத்து ஓட்டுவதற்குக் கன்டெய்னர் என்று பெயர். 2019 பிப்ரவரியில், அவற்றை இயக்கும் ரன்சி என்ற கருவியில் ஓர் ஓட்டை வெளியானது. கன்டெய்னருக்குள் ரூட்டாக இருக்கும் நிரல், வெளியே இருக்கும் ரன்சி கோப்பையே மாற்றி எழுதி முழுக் கணினியையும் பிடிக்கலாம். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7இல் எஸ்இலினக்ஸ் தடுப்பு நிலையில் இருந்த கணினிகளில் அந்த எழுத்து நடக்கவில்லை. உள்ளே இருந்தவர் ரூட். ஆனால் கன்டெய்னரின் நாடாவோடு இருந்த ரூட். ஓட்டையைப் பற்றி யாருக்கும் தெரியாதபோது எழுதிய விதி, ஓட்டை தெரிந்த நாளில் காப்பாற்றியது.

எல்லைகளும் உண்டு. கெர்னலிலேயே ஓட்டை இருந்தால் உக்கிராணக்காரரையே விலைக்கு வாங்கியதற்குச் சமம். விதியில் எங்கும் போகலாம் என்று எழுதிய நிரலை எதுவும் கட்டுப்படுத்தாது. அதனால் பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுவதும், தேவையற்ற சேவைகளை நிறுத்துவதும் தொடர்ந்தே ஆக வேண்டும்.

அணைக்கும் முன் ஒரு வரி

ஏதாவது ஒன்று ஓடவில்லை என்றதும் எஸ்இலினக்ஸை அணைத்துப் பார் என்று சொல்லும் வழக்கம் நம் அலுவலகங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பிரச்சினை அன்றைக்கு மறைந்துவிடும், அணைத்ததை யாரும் திரும்பப் போட மாட்டார்கள். இந்த வழக்கத்தை விட்டாக வேண்டும். மறுப்பு வரியைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். பல நேரம் நாடா மாறிய சங்கதியாக இருக்கும், ஒரு கட்டளையில் சரியாகிவிடும். மீதியில் சில, உங்கள் நிரல் தொடக் கூடாததைத் தொடுகிறது என்று சொல்லும். அது இலவசமாகக் கிடைத்த எச்சரிக்கை.

கெர்னலில் இந்த விருப்பங்களைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஒருவராக, ஒரு மேசையில் உட்கார்ந்து, ஒரு மெனுவில் ஆம், இல்லை என்று குறித்துக்கொண்டிருப்பார். அவர் குறிப்பதைப் பொறுத்துத்தான், பின்னால் ஒரு நாள் ஒரு நிரல் கைமாறும்போது இழப்பு ஒரு கோப்பா, முழுக் கணினியா என்று முடிவாகும். அந்த வேலையை அவசரத்தில் செய்யக் கூடாது. செய்ததை எழுதிவைக்க வேண்டும், எழுதியதைக் கணினி எழுந்தபின் சரிபார்க்க வேண்டும். நல்லவர்களை நம்பலாம். அவர்கள் இயக்கும் நிரல்களுக்கு மட்டும் தேவைக்கு மேல் ஒரு அனுமதியும் தரக் கூடாது.